‘முன்பு’ படத்தை எடுக்கட்டுமா, சுலோ அக்கா?

என் பிரியமான சுலோ அக்காவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தவர்கள் இவர்கள்: உங்கள் வீட்டுக்காரர், அதாவது நான் மாமா என்று கூப்பிடுகிறவர். உங்கள் மகள் ரேணு. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து உங்கள் தங்கை கோமதி. கடையில் உங்களுக்குக் கையுதவி செய்துகொண்டிருந்த ஜெயா. காரியம் செய்துவைத்த ஐயர். பக்கத்து வீட்டுச் சீனர், டான் அம்மா. என் வீட்டுக்காரர். நான். எட்டுப் பேர். வீட்டுக் கணக்கை ஒருநாள் விடாமல் எழுதுகிறவள் நான், ஆள் கணக்கில் தவற மாட்டேன்.

சிங்கப்பூர் முழுக்க இருக்கிற உங்கள் மணப்பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. தேக்காவில் அந்த மாடிக் கடையில் எத்தனை பெண்களை உட்காரவைத்துப் புருவம் வரைந்து, கொசுவம் எடுத்து, மேடைக்கு அனுப்பியிருப்பீர்கள்! ரேணு எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். கைகூப்பும் பொம்மை வந்தது, அழுகிற பொம்மை வந்தது. ஒருத்தி மட்டும் நான்கைந்து வரி எழுதியிருந்தாள். அவள் தங்கை கல்யாணத்துக்கு இனி யார் அலங்காரம் செய்வார்கள் என்று கேட்டிருந்தாள்.

இதைக் கேட்டால் உங்களுக்கு வலிக்கும். தெரிந்துதான் சொல்கிறேன். உங்களுக்காகக் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றியவளும் நான்தான், அதையும் சேர்த்தே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் நினைவுப் பக்கத்தில், உங்கள் படத்துக்குக் கீழேயே போடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். ரேணு படிக்க மாட்டாள், தமிழில் இவ்வளவு நீளம் அவளுக்கு ஆகாது. படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வருகிறவர்கள் தைரியமாகத் தொடலாம். இப்போது ஒன்றும் ஆகாது. அன்றைக்குத்தான் ஆனது.

அதைச் சொல்வதற்கு முன்னால், படிக்கிறவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீங்கள் என் கணவருடைய அண்ணன் மனைவி. அழகு உங்களுக்கு, அடுப்பு எனக்கு என்று மாமியார் முதல் வாரத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் மணப்பெண் அலங்காரக் கடை வைத்தீர்கள். கடைக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றபோது, வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று என்னைக் கூப்பிட்டீர்கள். சும்மா இருந்தவள் நூலகத்துப் புத்தகத்தையும் இலவச வீடியோக்களையும் வைத்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கு நடுவில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். கணினிக்கு அவசரம் கிடையாது, அது காத்திருக்கும். அதனால் எனக்கு அது பிடித்துப்போனது.

அதிலும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே இடத்தில் இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைப்பது. மேலே இருக்கும் படத்துக்கு ஒன்று என்று எண் கொடுத்தால் முழுதாகத் தெரியும். பூஜ்யம் என்று கொடுத்தால் தெரியாது. மவுஸ் மேலே வந்தால் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குப் போ, ஆனால் உடனே போகாதே, ஒன்றரை வினாடி எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டால் போதும். மேல்படம் பனி மாதிரி கலையும், கீழே இருக்கும் படம் தெரியும். முதல்முறை அது சரியாக வந்தபோது பூஜை அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். நீங்கள் பார்த்துவிட்டு, “இதுதான் வேணும். முன்பு, பின்பு காட்டலாம்” என்றீர்கள்.

பின்புக்கு ஆள் வரிசையில் நின்றார்கள். முன்புக்கு யார் வருவார்கள்? தன் வெறும் முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று எந்தப் பெண் கொடுப்பாள்?

“ஒரு மாசம்தான் கற்பகம். அதுக்குள்ள நிஜ கஸ்டமர் யாராவது மாட்டிடுவாங்க.”

உங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையிலிருந்த பூவை எடுத்தீர்கள். தோட்டைக் கழற்றினீர்கள். பிறகு ஈரத் துணியை எடுத்து என் நெற்றியைத் துடைத்தீர்கள், குங்குமம் துணியோடு வந்தது. நான் உங்கள் கையைப் பிடித்தேன். “முன்புன்னா முன்பா இருக்க வேண்டாமாடி?” என்று கேட்டுவிட்டு வகிட்டையும் துடைத்தீர்கள். கன்னத்தில் எண்ணெய் பூசி, விளக்கைக் கீழே இறக்கி, கண்ணுக்குக் கீழே நிழல் விழும்படி வைத்துப் படம் எடுத்தீர்கள். அங்கே வீட்டில் என் கணவர் உயிரோடு இருக்க, அவருக்கு என்ன ஆகுமோ என்று நான் மனசுக்குள் அம்மனை அழைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் “சிரிக்காதே” என்றீர்கள். யார் சிரித்தது?

அதன்பிறகு எனக்கு அலங்காரமும் செய்தீர்கள். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். உங்கள் கைக்கு இந்த ஊரில் இணை கிடையாது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. நீங்கள் அதையும் படமெடுத்து, பெரிதாக்கி, கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

“ம்ஹூம். இவ்ளோ பண்ணியும் கற்பகமாத்தான் இருக்க.”

மறுநாள் ரேணுவை உட்காரவைத்து எடுத்த படத்தைப் ‘பின்பு’ என்று என்னிடம் கொடுத்தீர்கள். இரண்டு முகங்களையும் ஒரே முகம்போலக் காட்டும் வேலையும் எனக்கே வந்தது. ரேணுவின் கண் இருக்கும் இடத்தில் என் கண் வரவேண்டும், மூக்கு மேல் மூக்கு உட்காரவேண்டும். என் நெற்றியைக் குறுக்கினேன், தாடையை இழுத்தேன். ஒரு மதியம் முழுக்க என் மூஞ்சியோடு மல்லுக்கட்டினேன். பக்கத்தைத் திறந்ததும் அழகுதான் தெரியவேண்டும், அசிங்கம் வாசலில் நிற்கக் கூடாது என்றீர்கள். அதனால் மேலே ரேணு, கீழே நான். விரலோ மவுஸோ பட்டால் ரேணு கலைந்து நான் தெரிவேன். வருகிறவர்கள், “ஐயோ, இவங்களா இவங்க?” என்று வாயைப் பிளப்பார்கள். கடை அதில்தான் ஓடியது.

ஒரு மாசம் வருஷங்களானது. ஒருநாள் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னையே பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், அந்த மேக்கப் கடை வெப்சைட்ல இருக்கிறது நீங்கதானே? மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா? நல்லது லா” என்றாள். மனசார வாழ்த்தினாள். கீரையை வைத்துவிட்டு நேராக உங்கள் கடைக்கு வந்து, படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கண்மை கரையச் சிரித்தீர்கள். ஜெயாவைக் கூப்பிட்டு, அவளுக்கும் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுப் பூஜையில், தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினீர்கள். “பக்கத்தோட சாவி உன் கையில இருக்கு. கோவத்துல ஒருநாள் அழிச்சிடுவ. நான் எடுன்னு சொல்ற வரைக்கும் அந்தப் படத்தை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.” கற்பூரம் அணைவதற்குள் பதில் சொல்லவேண்டியிருந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். நான் கையை வைத்தேன்.

நீங்கள் எடு என்று சொல்லும்வரை. அதுதான் சத்தியம். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிச் சொல்லவில்லை.

இப்போது பதினாறாம் நாளுக்கு வருகிறேன். சட்டம் போட்ட உங்கள் படம் எதுவும் ரேணுவுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் கன்னம் தெரிகிறது, ஒன்றில் வயது தெரிகிறது என்று தள்ளினாள். உங்கள் மகள்தானே. கடைசியில் ஒரு நினைவுப் பக்கம் செய்யச் சொல்லி, கடை டேப்லட்டையே பலகையில் சாய்த்து நிறுத்தி மாலை போடலாம் என்றாள். எனக்கு ஒரே இரவு கொடுத்தாள். புதிதாக எழுத நேரமில்லாமல், கடைப் பக்கத்திலிருந்து அந்த முன்பு பின்புப் பெட்டியை அப்படியே பிரதியெடுத்து, மேலே ரேணு இருந்த இடத்தில் உங்கள் படத்தை வைத்தேன். காரியத்தன்று படம் கலையக் கூடாது என்று மவுஸ் வரியை அழித்தேன். மவுஸை மேலே கொண்டுபோய்ப் பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. பச்சைப் பட்டு, கல் மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தப் பெட்டியில் இரண்டு வரி உண்டு. ஒன்று மவுஸுக்கு. இன்னொன்று விரலுக்கு. கடைக்கு வருகிறவர்கள் டேப்லட்டில் பார்க்கிறார்களே என்று பிற்பாடு நான் சேர்த்தது. ஒருமுறை தொட்டால் மேல்படம் கலையும், மறுபடி தொட்டால் திரும்பும். அந்த வரி அப்படியே இருந்தது. அடியில் என் படமும் அப்படியே இருந்தது.

தினமும் காலையில் பூஜை அறையில் இருக்கும் எல்லாப் படங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். நம் ஆட்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா போக மாட்டார்கள் என்பது எனக்கா தெரியாது? ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்தால் மவுஸ் ஞாபகம்தான் வருகிறது.

முதலில் மாமா வந்தார். பூ போட்டார், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கன்னத்தைத் தொட்டார், விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கண்ணைத் திறக்காமலே நகர்ந்தார். அவருக்குப் பின்னால் கோமதி குனிந்தாள். அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்து உங்களைப் பார்த்தாள். மாலைக்குள் நான் இருந்தேன். எண்ணெய் வழியும் முகம், பூ இல்லை, தோடு இல்லை, பொட்டு இல்லை.

அவள் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு டேப்லட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

“செத்தது எங்க அக்கா. மாலை உனக்கா?”

ரேணு ஓடிவந்தாள். “சித்தி, சீரியஸ்லி? டெஸ்ட் பண்ணவே இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே விரலால் தட்டினாள். நீங்கள் வந்தீர்கள். பதற்றத்தில் இன்னொரு முறை தட்டினாள். நான் வந்தேன். ஒன்றரை வினாடி நீங்கள், ஒன்றரை வினாடி நான். அவ்வளவு நிதானமாக அது கலைந்துகொண்டிருந்தது, எனக்கே என் வேலையின் மேல் கோபம் வந்தது. டான் அம்மா, இது நம் சடங்கில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு இரண்டு பேரையும் கும்பிட்டார்.

ஐயர்தான் நிதானமாக இருந்தார். “அம்மா, உயிரோட இருக்கிறவங்க படத்துல மாலை கிடக்கக் கூடாது. முதல்ல மாலையை எடுங்க. தோஷம் இருக்கா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்” என்றார். யாரும் கையை நீட்டவில்லை. அது உங்கள் மாலையா என் மாலையா என்று யாருக்கும் தெரியவில்லை. நானே போய் எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை.

கோமதி விடவில்லை. நீங்கள் படுத்த நாளிலிருந்து நான் உங்கள் இடத்துக்கு ஆசைப்பட்டேனாம், ஆண்டவன் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டானாம். மாமா, “விடு லா, கோமதி” என்று ஒருமுறை சொன்னார். என் வீட்டுக்காரர் நிலைமையை லேசாக்குகிறேன் என்று, “அவ எங்க போனாலும் ஒரு ஓரமா நின்னுப்பா, படத்துலயும் அப்படியே நின்னுட்டா” என்றார். ஜெயா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடையில் உங்களிடம் பழகியது.

உங்கள் பிடோக் வீட்டிலிருந்து ரயிலில் திரும்பினோம். கடைப் பக்கத்தை என் வீட்டுக்காரர் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை, அக்கா. அந்தப் படம் அவருக்கு அன்றைக்குத்தான் புதுசு. கூட்டம் இறங்கிய பிறகு கேட்டார்.

“அந்தப் படத்துல உன் பொட்டு எங்க?”

“உங்க அண்ணி துடைச்சாங்க.”

“எப்ப?”

“கடை ஆரம்பிச்சப்ப.”

தோ பாயோ வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே லிஃப்டுக்கு நிற்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். வீட்டில் பால் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

உங்களைச் சுமங்கலியாக அனுப்பினோம். பட்டு கட்டி, தலைநிறையப் பூ வைத்து, நெற்றியில் வட்டப் பொட்டு வைத்தோம், வந்த பெண்களெல்லாம் உங்கள் குங்குமத்தை எடுத்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்துக்கொண்டேன். நீங்கள் பொட்டோடு போனீர்கள். நான் பொட்டில்லாமல் உங்கள் கடையில் நிற்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?

மறுவாரம் ரேணுவிடம் போய்க் கேட்டேன். அவள்தான் இப்போது கடையைப் பார்க்கிறாள். உங்கள் நாற்காலியை விற்றுவிட்டு வேறு வாங்கியிருக்கிறாள். சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டாள், அதில் பார்த்தால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களாம். எல்லாவற்றையும் மாற்றுகிறாயே, இந்தப் படத்தையும் மாற்றிவிடம்மா என்றேன். அவள் என் தோளில் கை போட்டாள். அந்தப் பாசமெல்லாம் உண்மைதான், குறை சொல்ல மாட்டேன்.

“உங்க மூஞ்சி இல்லன்னா என் மூஞ்சிக்கு வேல்யூவே இல்ல சித்தி. அதுதான் எல்லாரும் பார்க்கிற படம். அம்மாவே எடுக்கச் சொல்லலையே.”

பாராட்டாகத்தான் சொன்னாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். மாசக் கடைசியில் பக்கத்தை ஒரு கம்பெனியிடம் கொடுக்கிறாள். பழைய படங்களையெல்லாம் அவர்களே எடுத்துப் புதுப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். பஸ் நிறுத்தத்தில்கூட விளம்பரம் வருமாம், அதில் முன்பு பின்பு பெரிதாக வருமாம். சாவியை நான் அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். “இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க சித்தி.”

புரிகிறதா அக்கா? மாசக் கடைசி வரைதான் அந்தப் படம் என் கைக்கு எட்டும். அதன்பிறகு என் பொட்டில்லாத நெற்றி யார் யார் கையிலோ போய்விடும். அவர் நூறு வயசு இருக்கட்டும் என்று நான் தினமும் விளக்கேற்றுகிறேன், இந்த ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னை விதவையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சத்தியத்தை மீறலாமே என்பார்கள். என் வீட்டுக்காரரே சொன்னார், “போனவங்களுக்கு என்ன சத்தியம்?” என்று. சத்தியம் உங்களுக்கு மட்டும் செய்ததென்றால் எப்போதோ அழித்திருப்பேன். எதிரே அம்மன் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லியிருந்தீர்கள். மாமாவையே, முகம் கழுவிய பிறகு வரச்சொன்னீர்கள். உங்கள் பையிலிருந்த பென்சிலை எடுத்து என்னையே புருவம் வரையச் சொன்னீர்கள். எனக்குக் கோலம் போடத் தெரியும், புருவம் போடத் தெரியாது. ஒன்று மேலே போனது, ஒன்று கீழே இறங்கியது. கண்ணாடி கேட்டீர்கள். இல்லை என்றேன். உங்கள் பையில்தான் இருந்தது. உடனே போனில் படம் எடுத்துக் காட்டச் சொன்னீர்கள். எடுத்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். முடி போன தலை, இறங்கிய கன்னம், கோணல் புருவம், மருந்தில் கருத்துப்போன உதடு. அதிலும் ஓர் அழகு இருந்தது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அழகாக இல்லை. “இதை அழிச்சிடு” என்றீர்கள். “சரி” என்றேன். அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, என் முன்பு படத்தையும் எடுத்துடட்டுமா?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் வீட்டுக்குத் திரும்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், வாசலில் நின்ற நர்ஸுக்கும் தெரியும்.

“டிஸ்சார்ஜ் ஆகட்டும். வீட்டுக்கு வந்து சொல்றேன்.”

ஒரே ஒரு சொல்தானே அக்கா? ‘எடு’ என்றால் என்ன குறைந்துவிடும்? நாக்கு நுனியில் இருந்ததை ஏன் உள்ளே தள்ளினீர்கள்? நான் எழுந்து கதவைத் திறந்து, காத்திருந்தவர்களை உள்ளே வரச்சொன்னேன். கோமதி, ரேணு, மாமா, எல்லோரையும். அந்தப் புருவத்தோடுதான் அவர்கள் உங்களைப் பார்த்தார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

நீங்கள் அழிக்கச் சொன்ன படம் என்னிடம் இருக்கிறது. சரி என்றேனே தவிர, சத்தியம் செய்யவில்லை.

இந்த மறையும் வேலையில் ஒன்று கவனித்திருக்கிறேன். எண் பூஜ்யத்துக்குப் போனாலும் படம் எங்கும் போய்விடுவதில்லை. அதே இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. உங்களைப் பற்றியும் வருகிறவர்களெல்லாம் இதையேதான் சொல்கிறார்கள். சுலோ எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறாள் என்று. இருக்கட்டும். இங்கேயே இருப்பவருக்குப் பதில் சொல்ல என்ன சிரமம்?

ஆகையால் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டுக் கணினியில் கடைப் பக்கத்தின் பிரதி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மேலே ரேணு இருந்த இடத்தில் உங்கள் ஆஸ்பத்திரிப் படத்தை வைத்தேன். கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு சரிசெய்தேன். உங்கள் நெற்றியை இழுக்கவேண்டியிருக்கவில்லை, என் நெற்றியோடு அப்படியே பொருந்தியது. கீழே நான், என்னைத் தொடவில்லை, சத்தியப்படி இருந்த இடத்தில் இருக்கிறேன். விரல் வைத்தால் நீங்கள் கலைந்து நான் வருகிறேன், மறுபடி வைத்தால் நான் மறைந்து நீங்கள் வருகிறீர்கள். இரண்டும் முன்பு. பின்பு என்று ஒன்று கிடையாது.

அதைக் கடைப் பக்கத்தில் ஏற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஏற்றினால் ரேணு அலறிக்கொண்டு மொத்தப் பெட்டியையும் தூக்கிவிடுவாள், கம்பெனிக்கும் கொடுக்க மாட்டாள். அப்போது என் படத்தை எடுத்தது அவள், நானில்லை. சத்தியம் சத்தியமாகவே இருக்கும். ஆனால் அவள் பார்ப்பதற்குள் உங்கள் மணப்பெண்கள் பார்த்திருப்பார்கள். காரியத்துக்கு வராதவர்கள் இதற்கு வருவார்கள்.

இதைச் செய்யாமல் இருக்கவும் எனக்கு ஆசை உண்டு. உங்கள் கையால் என் தலையில் பூ வைத்துவிட்ட நாட்களும் இருக்கின்றன. என் கல்யாணத்தன்று நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் கொடுத்து, “பயப்படாதே, அவன் வாயில்லாத பூச்சி” என்று சொன்னது நீங்கள்தான். அதுவும் உண்மையாக இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை கோயிலில் பூப்போட்டுப் பார்க்கப்போகிறேன். வெற்றிலையில் ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, சந்நிதியில் நிற்கிற யாரையாவது ஒன்றை எடுத்துத் தரச்சொல்வேன். வெள்ளை வந்தால் நீங்கள் எடு என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வேன். அன்றைக்கே என் படத்தை எடுத்துவிட்டு, உங்கள் படத்தையும் அழித்துவிடுவேன், உங்கள் வெறும் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சிவப்பு வந்தால் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றிவிட்டு, ஏற்ற வேண்டியதை ஏற்றுவேன். எது வந்தாலும் அதன்படியே நடப்பேன், இது நானாகச் செய்யும் சத்தியம்.

அம்மன் உங்களுக்குத் தெரிந்த முகம்தான், எந்தப் பூ வர வேண்டும் என்று அவளிடம் சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி
கற்பகம்
தோ பாயோ